வெயிலுக்கென்றே தைத்த வெள்ளை

ஓமன் நாட்டு உடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "அங்கே வெயில் எப்படி?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டிருப்பார். பாயசம் வந்து, மோர் வந்து, இலை மூடுகிறவரைக்கும் நான் டிஷ்டாஷாவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். என்ன செய்வது, அவ்வளவு பிடித்துப் போய்விட்டது! மஸ்கட்டுக்குப் பிழைக்கப் போன இடத்தில் ஒரு துணி என்னை இப்படிக் கட்டிப்போடும் என்று யார் நினைத்தார்கள்?

நீங்களே நினைத்துப் பாருங்கள். மஸ்கட்டில் இறங்கி டாக்ஸி பிடிக்கிறீர்கள். தெருவில் ஓடுகிற டாக்ஸிகளை ஓட்டுவது அங்கே ஓமானியர்களேதான், அதனால் முதல் தரிசனம் அந்த ஓட்டுநர்: கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நீட்டாக இறங்கும் வெள்ளை டிஷ்டாஷா அங்கி, தலையில் பூவேலை செய்த குல்லா, கியரை மாற்றக் கை நீட்டும்போதெல்லாம் வண்டிக்குள் பரவும் ஒரு நறுமணம். வங்கிக்குப் போனால் கவுண்டரில் அதே அங்கி. அரசாங்க அலுவலகத்தில் அதே அங்கி, குல்லாவுக்குப் பதில் தலைப்பாகை. முத்ரா மீன் சந்தைக்குப் போனால் விலை பேசுகிறவரும் அதே அங்கி, வாங்குகிறவரும் அதே அங்கி. சுல்தான் உடுத்துவதும் இதுதான், மலைக்கிராமத்து ஆட்டுக்காரர் உடுத்துவதும் இதுதான்! பெட்டியில் மடித்து வைத்து விழாவுக்கு மட்டும் எடுக்கிற உடை இல்லை இது. காலையில் எழுந்து குளித்து, சலவை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற உடை. வாரக் கடைசி என்றால் பழுப்பு, சாம்பல், வானநீலம், கத்தரிப்பூ நிறம் என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார்கள். அலுவலகத்துக்கும் விசேஷத்துக்கும் வெள்ளைதான் ராஜா.

எனக்கு முதல் டிஷ்டாஷா அமைந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். அரபியும் இந்தியும் கலந்து பேசுகிற மனிதர். ரமலான் பாதி தாண்டியதும் ஒருநாள் வாசலில் என்னைப் பிடித்து, "சதீக் (நண்பா), பெருநாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்றே. நம்ம உடுப்புலதான் வர்றே" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ரூவியில் இருக்கிற ஒரு தையல் கடைக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்தக் கடையை எப்படிச் சொல்வேன்! சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள், அத்தனையும் வெள்ளை. வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்: லேசாக நீலம் ஓடிய வெள்ளை, பால் வெள்ளை, தந்த வெள்ளை, பளபளக்கிற வெள்ளை, பளபளப்பே இல்லாத வெள்ளை. நல்ல ரகங்களில் பெரும்பாலானவை ஜப்பானில் நெய்தவையாம். தையல்காரர் மலையாளி. "சாரே, கை பொக்கு" என்று தோளை அளந்தார், கையை அளந்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லிக் கணுக்கால்வரை நாடாவை விட்டார். கழுத்தைச் சுற்றியும் கை விளிம்பிலும் மெல்லியதாக ஓடும் அலங்கார நூல் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாரே, அங்கேதான் நான் குழந்தையாகிவிட்டேன். தேன் நிறமா, இளம் பச்சையா, வெள்ளையின் மேல் வெள்ளையேவா என்று ஒவ்வொரு நூல்கண்டையும் துணியின் மேல் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் பெரியவர் தேன் நிறத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

தைத்து வந்த உடையை நான் முதலில் போட்டுப் பார்த்ததே நல்ல உச்சி வெயிலில். மஸ்கட் வெயில் என்றால் சாதாரணமில்லை. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே கடற்கரையில் குரியாத் என்று ஓர் ஊர். 2018 ஜூன் 26 அன்று அந்த ஊரில் ஒரு முழு நாள், நடுராத்திரி உட்பட, வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை! அப்படிப்பட்ட நாட்டில் கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டு நடப்பதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நடந்து பாருங்கள், நடந்துதான் பாருங்களேன்! துணி தோளில் மட்டும்தான் தொங்குகிறது. மார்பில் ஒட்டாது, முதுகில் ஒட்டாது, இடுப்பைப் பிடிக்காது. ஓரடி வைத்தால் கால் பக்கத்திலிருந்து காற்று உள்ளே புகுந்து, முழங்காலைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, கழுத்து வழியாக வெளியே போகிறது. அது உடம்பைத் தடவிக்கொண்டு போவது ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. நம்மூர் ஓலைக் கொட்டகைக்கு அடியில் நுழைந்ததும் ஓர் ஆசுவாசம் வருமே, அந்தக் கொட்டகையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது எனக்கு. அதுவரைக்கும் பேண்ட்டையும் இறுக்கமான சட்டையையும் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நான் எதற்காக வெந்தேனோ!

உள்ளே என்ன கட்டுகிறார்கள் தெரியுமா? விஸார் என்கிற ஒரு துணியை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொள்கிறார்கள். நம் கைலியேதான்! அதைக் கட்டத் தெரியுமா என்று பெரியவர் என்னிடம் கேட்டார். சுற்றி, மடித்து, செருகிக் காட்டினேன். அந்த வீட்டுப் பையன்கள் கைதட்டினார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் அந்த வீட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

இந்தக் குளுமை என் பிரியத்தால் வந்த கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலைவனத்து பெதூயின் மக்கள் சுட்டெரிக்கும் வெயிலில் கறுப்பு அங்கி போடுகிறார்களே, அது எப்படிச் சாத்தியம் என்று ஆய்வாளர்கள் சிலர் உண்மையாகவே சோதித்துப் பார்த்து, 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஓர் ஆளைப் பாலைவன வெயிலில் நிற்கவைத்து, கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, ராணுவச் சீருடை, அரைக்கால் சட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டு அளந்திருக்கிறார்கள். கறுப்புத் துணி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் உறிஞ்சிய அந்தக் கூடுதல் வெப்பம் தோல்வரைக்கும் வரவே இல்லை. துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடுகிற காற்று அதை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது. கறுப்போ வெள்ளையோ, உள்ளே இருந்த மனிதனுக்கு ஏறிய சூடு ஒன்றுதான்! ரகசியம் நிறத்தில் இல்லை, தளர்வில் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் துள்ளிக் குதிக்காத குறை. எத்தனையோ தலைமுறையாகப் பாலைவனத்துத் தாய்மார்கள் தைத்துக் கொடுத்ததை விஞ்ஞானம் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது!

இப்போது கழுத்துக்கு வாருங்கள், அங்கேதான் என் உயிர் இருக்கிறது. ஓமன் டிஷ்டாஷாவுக்குக் காலர் கிடையாது. வட்டக் கழுத்து. அதில் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக, நூலால் முறுக்கிய ஒரு சிறு குஞ்சம் தொங்கும். பெயர் ஃபுராக்கா. அதை அத்தரில் தோய்த்துக்கொள்வார்கள்! தலையை லேசாகத் திருப்பினால் மூக்குக்கு நேரே வாசனை. நடந்தால் வாசனை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டால் இரண்டு வாசனைகள் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். வேர்வை வழிகிற தேசத்தில் ஒரு மனிதன் அருகில் நிற்பவனுக்குச் செய்கிற மரியாதை அல்லவா அது! அதோடு விட்டார்களா? உடை போடுவதற்கு முன்னால் குச்சிகளைக் கூம்பாக நிறுத்தி, நடுவில் தணல் வைத்து, அதன்மேல் லுபானோ அகில் துண்டோ போட்டு, துணியை மேலே விரித்துப் புகை காட்டுகிறார்கள். நம்மூர் மாதாகோயிலில் மணக்கிற குந்திரிக்கம்தான் லுபான். அது தெற்கே தோஃபார் மலைகளுக்கு அப்பால் காய்ந்த நிலத்து மரங்களில் கீறிவிட்ட இடத்தில் வெள்ளை முத்தாக வடிகிறது. அந்த மரங்கள் நிற்கிற வாதி தவ்காவும் பழைய வாணிபத் துறைமுகங்களும் 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. புகை காட்டிய டிஷ்டாஷாவை எடுத்துத் தலைவழியே போடும்போது, முகம் துணிக்குள் இருக்கிற அந்த இரண்டு விநாடி... அடடா, அந்த இரண்டு விநாடிக்காகவே தினமும் உடை மாற்றலாம்!

குல்லாவைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? கும்மா என்பார்கள். தட்டையான உச்சிக்கு ஒரு வட்டம், சுற்றிலும் ஒரு பட்டை, இரண்டையும் தனித்தனியாகப் பூவேலை செய்து பிறகு இணைப்பது. கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள்: அந்தப் பூக்களுக்கு நடுவே ஊசி முனையளவு ஓட்டைகள், ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில்! ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பையும் சுற்றி நூலால் தைத்துக் கட்டியிருப்பார்கள். பார்க்க அலங்காரம், தலைக்கோ சாளரம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அத்தனை ஓட்டைகளும் மினுங்கும். வீட்டில் பெண்கள் உட்கார்ந்து கையால் தைக்கிற நல்ல கும்மா ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். இந்தக் குல்லாவுக்குக் கடல் கடந்த சொந்தம் உண்டு. ஓமனை ஆண்ட சையித் பின் சுல்தான் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தன் தலைநகரையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டவர். அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அணிகிற கோஃபியாவும் இந்தக் கும்மாவும் உடன்பிறப்புகள். பெரியவர் தன் அலமாரியைத் திறந்து அடுக்கடுக்காக வைத்திருந்த கும்மாக்களைக் காட்டினார். எதை எடுத்து எதை வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்றேன். இவர் சலித்துக்கொள்வார் என்று பார்த்தால், "இதையும் பார்" என்று அடுத்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்!

பெருநாள் காலை விடிந்தது. தொழுகை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய நேரத்தில் நான் போய் நின்றேன். பெரியவர் என்னைத் தன் முன்னால் உட்காரவைத்து முஸ்ஸார் கட்டினார். முஸ்ஸார் என்பது காஷ்மீரத்து மென்கம்பளியில் பூவேலை செய்த சதுரத் துணி. பாலைவனத்தில் கம்பளியா என்று திகைக்காதீர்கள். இறகளவு கனம்கூட இல்லாத துணி, வெயிலைத் தலைக்குள் விடாது. சதுரத்தை முக்கோணமாக மடித்தார், அகலமான விளிம்பைப் பட்டையாக மடித்து நெற்றியில் பதித்தார், இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் பின்னி முன்னால் இழுத்துச் சுற்றினார், ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் ஒரு நீவல், ஒரு தட்டல், தள்ளி நின்று ஒரு பார்வை, திருப்தி இல்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார், அவர் கையில் ஊத் அத்தர் மணக்கிறது, கூடத்தில் தணல் புகைகிறது, ஏலக்காய்க் காப்பி கொதிக்கிற வாசம் உள்ளேயிருந்து வருகிறது, கடைசி முனையைச் செருகிவிட்டு என் தோள் இரண்டையும் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒரு தலைப்பாகைக்கு அழுதவன் நான்! அன்னியன் ஒருவனை உட்காரவைத்துத் தன் மகனுக்குக் கட்டுவதுபோல் அவ்வளவு பொறுமையாகக் கட்டினாரே, அந்தக் கைகளுக்கு அழாமல் எதற்கு அழுவது?

அவர் தன் இடுப்பில் கஞ்சர் கட்டிக்கொண்டதையும் அருகிலிருந்து பார்த்தேன். ஓமன் தேசியக் கொடியில் இரண்டு வாள்களின் நடுவே வளைந்து நிற்கிற குறுவாள் இருக்கிறதே, அதுதான் கஞ்சர். அவருடையது அவர் அப்பாவிடமிருந்து வந்தது. உறை முழுக்க வெள்ளிக் கம்பி வேலை, இடைவாரில் வெள்ளிச் சரிகை, நடுவில் ஏழு வெள்ளி வளையங்கள். ஏழு வளையம் என்றால் சையிதி வகை, அரச குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்தில் அரபு நாடுகள் முழுக்கப் புழங்கிய மரியா தெரேசா வெள்ளிக் காசுகளை உருக்கித்தான் பத்தர்கள் இதைச் செய்வார்களாம்! உறையின் பின்புறம் ஒரு சின்னக் கத்தி ஒளிந்திருக்கிறது. கஞ்சர் செய்கிற கைத்திறனையும் அணிகிற வழக்கத்தையும் 2022இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அது ஓமானியர் இடுப்புக்கே உரியது, நான் பார்த்ததோடு சரி. அந்தப் பார்வையே எனக்குப் போதும்.

பிறகு வாசல் திறந்தது, பேரப்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! இடுப்புயரப் பையன்கள், கணுக்கால்வரை வெள்ளை டிஷ்டாஷா, தலையில் குட்டி முஸ்ஸார், இடுப்பில் குட்டி கஞ்சர், கழுத்தில் குட்டி ஃபுராக்கா, ஒவ்வொருவனும் வந்து பெரியவரின் கையையும் நெற்றியையும் முத்தமிட்டு, என்னிடமும் கையை நீட்டி "ஈத் முபாரக்" என்று சொல்ல, தட்டில் குங்குமப்பூ மணக்கிற ஓமன் அல்வா வர, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் காப்பி வர, போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு பொடியன் எனக்குச் சொல்லிக்கொடுக்க, அந்தக் கூடம் நிறைய வெள்ளை, வெள்ளையின் மேலே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தலைப்பாகைகள், எழும்போதும் உட்காரும்போதும் துணியின் சரசரப்பு, அப்பப்பா, அந்தக் காலை நேரத்தை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாதா என்று இருந்தது!

அதற்குள் என் மனைவியைப் பெண்கள் உள்ளே அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். வெளியே எல்லோரும் கறுப்பு அபாயாவில் வருவதைப் பார்த்தே பழகியவள், வீட்டுக்குள் அவர்கள் உடுத்தியிருந்த வண்ணங்களைப் பார்த்து வாயடைத்துப் போனாளாம். கணுக்காலில் ஜரிகைப் பட்டை தைத்த சர்வால், அதன்மேல் பூவேலை அங்கி, தலையில் பட்டு லஹாஃப். பெரியவரின் மருமகள் சலாலா பக்கத்துப் பெண். தன் ஊர் உடையை எடுத்து என் மனைவிக்குப் போட்டுவிட்டாள். முன்பக்கம் குட்டையாகவும், பின்பக்கம் தரையில் புரண்டு வருகிற நீளத்திலும் இருக்கிற வெல்வெட் அங்கி. அபு தயில் என்பது பெயர். கரும்பச்சை வெல்வெட், நெஞ்சு முழுக்க மணியும் ஜிகினாவும். வீட்டுக்கு வந்ததும் அதன் படத்தைக் காட்டினாள். அன்று முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

குறை ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். வெள்ளைத் துணியில் சாம்பார் பட்டால் சாம்பார்தான், கவனமாகச் சாப்பிட வேண்டும். நல்ல பஷ்மினா முஸ்ஸாரின் விலை பர்ஸைப் பதம் பார்க்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை!

பக்கத்து நாடுகளும் சளைத்தவை இல்லை. சவூதியில் காலர் வைத்த தோப், சிவப்புக் கட்டம் போட்ட ஷெமாக் தலைத்துணி, அதை நிறுத்துகிற கறுப்பு இகால். அமீரகத்தில் கழுத்து நடுவே நீளக் குஞ்சம் தொங்கும் கந்தூரா. 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்குவதற்கு முன்னால் மெஸ்ஸியின் தோளில் கத்தார் அமீர் போட்டாரே, தங்கச் சரிகை ஓடிய கறுப்பு பிஷ்த், அது தலைவர்களும் மாப்பிள்ளைகளும் அணிகிற மேலங்கி. ஓர் அரபு தேசம் தன் வீட்டுக்கு வந்த வெற்றியாளனுக்குப் போர்த்திய பொன்னாடை! டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நான் கோலுக்குக் கத்தியதைவிட அந்த பிஷ்த்துக்குத்தான் அதிகம் கத்தினேன். ஆனாலும் என் மனசு ஓமனிடம்தான்.

ஓமன் பக்கம் போகிற யாராக இருந்தாலும் சரி, ஒரு வெள்ளிக்கிழமையை நிஸ்வாவுக்கு ஒதுக்குங்கள். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய பருத்த வட்டக் கோட்டைக்கு அருகே, விடியற்காலையிலேயே ஆட்டுச்சந்தை கூடிவிடும். சீக்கிரமாக எழுந்து போங்கள், வெயில் ஏறினால் கலைந்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் வட்டமாக நிற்க, விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அந்தப் புழுதியில், அந்த நெரிசலில், முரண்டு பிடிக்கிற கிடாவைக் கயிறு போட்டு இழுக்கிற மனிதர்கள் கட்டியிருக்கிற முஸ்ஸார் குலையாது, கும்மா சாயாது, கையில் பிரம்பு, சிலர் இடுப்பில் கஞ்சர், தாத்தாவும் பேரனும் ஒரே தினுசில்! காட்சிக்கு வைத்த உடையில்லை, ஆடு விற்கிற உடை, பேரம் பேசுகிற உடை, வாழ்கிற உடை. பார்த்து முடித்ததும் பக்கத்து சூக் கடைவீதியில் நுழைந்து உங்கள் தலைக்குச் சரியாக ஒரு கும்மா வாங்குங்கள், கடைக்காரரே நெற்றிக்கு மேலே அழுத்தி மடிப்பு வைத்துக் கொடுப்பார். அப்படியே ஒரு தையல் கடைக்கும் போய் அளவு கொடுத்துவிடுங்கள், யோசிக்கவே யோசிக்காதீர்கள். நூல் நிறம் தெரியவில்லை என்றால் என்னைக் கேளுங்கள், எந்த நேரமானாலும் சரி, நான் சொல்கிறேன்!